சோதனை மேசை

டெட்ராய்ட் விமான நிலையத்தில் பெட்டிகள் சுற்றிவரும் பட்டைக்கும் வெளிவாசலுக்கும் நடுவில் எஃகு மேசைகள் போட்ட ஓர் இடம் இருக்கிறது. எல்லாரையும் அங்கே அனுப்புவதில்லை. பையில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது ஊறுகாய் பாட்டிலையும் சேர்த்துச் சொன்னேன். அதனால் என்னையும் ஓரமாக உட்கார வைத்தார்கள். செல்போனை எடுக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. பேச ஆளில்லை. பார்த்துக்கொண்டிருக்க மட்டும் நிறைய நேரம் கிடைத்தது.

பச்சை மேலங்கி போட்ட ஒரு பீகிள் நாய் பயணிகளின் கால்களுக்கிடையே நுழைந்து நுழைந்து வந்தது. குரைக்கவில்லை, யார் மேலும் பாயவில்லை. ஆப்பிள், மாம்பழம், எலுமிச்சை இனப் பழங்கள், பன்றிக்கறி, மாட்டுக்கறி ஆகிய வாசனைகளில்தான் இந்த நாய்களுக்குப் பாடம் தொடங்குகிறது. ஜார்ஜியா மாநிலத்தில் நியூனன் என்ற ஊரில் அதற்கென்றே ஒரு பள்ளி உண்டு. வாசனை பிடித்துவிட்டால் அந்தப் பைக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிடும், அவ்வளவுதான். அன்று அது உட்கார்ந்தது ஒரு துணிப்பையின் பக்கத்தில். பையைப் பிடித்திருந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கைத்தறிச் சேலைக்கு மேல் ஆண்பிள்ளை ஸ்வெட்டர் போட்டிருந்தார். நெற்றியில் திருநீறு கலைந்திருந்தது.

அதிகாரி கேட்ட கேள்வி அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற இளைஞன் ஒருவன் முன்னே வந்தான்.

“அம்மா, செடி, பழம், விதை ஏதாச்சும் இருக்கான்னு கேக்குறார்.”

“கருவேப்பிலை இருக்குதுங்க கண்ணு. பொண்ணு பிள்ளைத்தாச்சி, அதுக்குன்னு எடுத்தாந்தேன். நம்ம தோட்டத்துல பறிச்சது. மருந்தே அடிக்கறதில்லீங்க, சுத்தமான எலை.”

ஒளிக்கவில்லை. கேட்டதும் தானே பையைத் திறந்து, ஈரத்துணியில் சுற்றியிருந்த கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதிகாரி கையுறை போட்ட விரல்களால் இலைகளைப் புரட்டி, அடிப்பக்கத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கொத்தை ஒரு கனத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினார். அபராதம் இல்லை, கேட்டதும் உண்மையைச் சொன்னவர்களிடம் பொருளை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. இலை போன வருத்தம் அது. தப்புச் செய்துவிட்டோம் என்ற பயம் அந்த முகத்தில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மருந்து அடிக்காத இலை என்று பெருமையாகச் சொன்னாரே, அந்த அதிகாரிக்குக் கவலை தருவதே அதுதான். கறிவேப்பிலைத் தளிரில் சிலிட் என்ற சிறு பூச்சி வாழும். எள் அளவுதான் இருக்கும், முட்டை கண்ணுக்குத் தெரிவதே கடினம். எலுமிச்சை இன மரங்களைக் கொல்லும் ஒரு பாக்டீரியாவை மரத்துக்கு மரம் கொண்டுபோவது இந்தப் பூச்சிதான். ஃபுளோரிடாவில் இந்தப் பூச்சி 1998இலும், நோய் 2005இலும் கண்டுபிடிக்கப்பட்டன. 2003-04 பருவத்தில் அந்த மாநிலம் 24 கோடிப் பெட்டிக்கும் மேல் ஆரஞ்சு விளைவித்தது. 2024-25இல் அது சுமார் 1.2 கோடிப் பெட்டியாகச் சுருங்கிவிட்டது. இடையில் வந்த புயல்களும் உறைபனியும் கொஞ்சம் அழித்தன; பெரும்பங்கு அழிவு நோயால் வந்தது. மூன்று தலைமுறையாகப் பழத்தோட்டம் வைத்திருந்த குடும்பங்கள் நிலத்தை வீட்டுமனைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். எந்த எதிரி நாடும் திட்டம் போட்டு இதைச் செய்யவில்லை. யாரோ எங்கிருந்தோ அறியாமல் கொண்டுவந்த ஒரு செடியோ இலையோ போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த மேசையில் ஒரு சீனப் பெண். மாணவியாக இருக்க வேண்டும். முதுகுப்பையில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் தைத்திருந்தது. அவள் பெட்டியைச் சோதித்தவர் அவசரப்படவே இல்லை. புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதுகைப் பிடித்துக் கவிழ்த்து உதறினார். ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்தார். டிஷ்யூ பேப்பர் கட்டு ஒன்றைப் பிரித்து, தாள் தாளாக மேசையில் விரித்தார். அந்தப் பெண் இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எங்கே கையை வைத்தால் சந்தேகம் வராது என்று யோசித்து வைத்த கைகள். டிஷ்யூ பேப்பரில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக்கொண்டு போனாள். விரித்த தாள்களை அவளே பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

டிஷ்யூ பேப்பரைப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு இதே விமான நிலையத்தில் காரணம் உண்டு. 2024 ஜூலையில் சீனாவிலிருந்து வந்து இறங்கிய ஓர் ஆராய்ச்சியாளரின் முதுகுப்பையில், கசக்கிய டிஷ்யூ பேப்பருக்குள் சிறு பிளாஸ்டிக் உறைகள் இருந்தன. உறைகளில் சிவந்த நிறத்தில் காய்ந்த தாவரத் துணுக்குகள். கூடவே வட்டங்கள் வரைந்த வடிகட்டித் தாள். அதில் நுண்ணுயிரை ஊற்றிக் காயவைத்தால் எங்கும் எடுத்துப்போகலாம். ஈரம் காட்டினால் மறுபடி உயிர் பெறும். முதலில் அவர் தனக்கு எதுவும் தெரியாது என்றார். பிறகு, இறக்குமதிக் கட்டுப்பாடு இருப்பது தெரிந்துதான் ஒளித்துவைத்ததாக ஒப்புக்கொண்டார். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வகத்தில் தன் காதலி வேலை செய்கிறார், அங்கே ஆராய்ச்சி செய்யக் கொண்டுவந்தேன் என்றார். அவரை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். உறைகளில் இருந்தது ஃபியூசேரியம் கிராமினியேரம் என்ற பூஞ்சை. அதைக் கையாள அந்தப் பல்கலைக்கழகத்திடம் அனுமதி இல்லை.

ஏறக்குறைய ஓர் ஆண்டு கழித்து, 2025 ஜூன் மாதத் தொடக்கத்தில், காதலியான அந்தப் பெண் ஆராய்ச்சியாளரைக் கைது செய்து இருவர் மேலும் வழக்குப் போட்டார்கள். சதி, கடத்தல், பொய் வாக்குமூலம், விசா மோசடி என்று குற்றச்சாட்டுகள். நாட்டின் பாதுகாப்புக்கே மிகக் கடுமையான கவலை தரும் விஷயம் என்றார் அரசு வழக்கறிஞர். பயிர்ப் பயங்கரவாத ஆயுதம் ஆகக்கூடியது என்று அறிவியல் ஏடுகள் இந்தப் பூஞ்சையைக் குறிப்பிடுவதாக அறிக்கை சொன்னது. அன்று மாலையே உலகம் முழுவதும் அது தலைப்புச் செய்தி. அடுத்த மாதம் அமெரிக்க வேளாண் துறை, ராணுவ, நீதித் துறைத் தலைவர்களையும் மேடையில் வைத்துக்கொண்டு, பண்ணைப் பாதுகாப்புக்கு ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டது. உணவுப் பாதுகாப்பே நாட்டுப் பாதுகாப்பு என்றார்கள். அந்த வாசகத்தில் எனக்கு மறுப்பில்லை.

அந்தப் பூஞ்சை என்ன செய்யும் என்பதைப் பார்க்க மிச்சிகனின் கிழக்கே போக வேண்டும். உள்ளங்கை வடிவில் இருக்கும் அந்த மாநிலத்தின் கட்டைவிரல் பகுதி அது. கோதுமையும் சர்க்கரைக் கிழங்கும் பீன்ஸும் விளையும் தட்டையான பூமி. ஜூலையில் குளிர்காலக் கோதுமை அறுவடை நடக்கும்போது, தானியக் கிடங்குகளின் வாசலில் லாரிகள் வரிசை கட்டும். நான் பார்த்த கிடங்கில், மேலேயிருந்து ஓர் இரும்புக் குழாய் இறங்கி, லாரியின் கோதுமைக்குள் நாலைந்து இடத்தில் குத்தி மாதிரி எடுத்தது. உள்ளே ஒரு பெண் அந்த மணிகளை அரைத்து, கரைசலில் கலந்து, ஒரு காகிதப் பட்டையை அதில் நிறுத்தினாள். கர்ப்பச் சோதனைப் பட்டையில் கோடு விழுமே, அது மாதிரிதான் இதிலும் கோடு விழும். சில நிமிடம் ஆகும்.

அந்தச் சில நிமிடமும் லாரிக்காரர் கீழே இறங்கி நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். பக்கத்து லாரிக்காரர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார்; இவர் தலையை மட்டும் ஆட்டினார். அவர் காத்திருந்தது அந்தப் பூஞ்சை உண்டாக்கும் டி.ஓ.என். என்ற நஞ்சின் அளவுக்கு. வாந்தி வரவைப்பதால் அங்கே எல்லாரும் அதை வாமிடாக்ஸின் என்றே சொல்கிறார்கள். மனிதர் சாப்பிடும் கோதுமைப் பண்டத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க உணவுத் துறையின் அறிவுரை. கிடங்கில் அளவு கூடக்கூட விலையில் கழிப்பார்கள். மிகவும் கூடினால் லாரி திரும்ப வேண்டியதுதான். கோதுமை பூக்கும் அந்தச் சில நாளில் மழையும் வெக்கையும் சேர்ந்துவிட்டால் பூஞ்சை கதிருக்குள் ஏறிவிடும். பச்சையாக நிற்கும் வயலில் பாதிக் கதிர் மட்டும் வெளுக்கும். உமியின் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு படிவு தெரியும். அடித்தால் வருவது சுருங்கி வெளிறிய மணி. மருந்து தெளிக்கவும் அந்தச் சில நாள்தான் கிடைக்கும். அதில் தவறினால் அந்த வருஷம் தவறியதுதான்.

காகிதப் பட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஜன்னல் வழியாக ஒரு சீட்டை நீட்டினாள். லாரிக்காரர் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அவர் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பூஞ்சை டிஷ்யூ பேப்பரில் வந்து அவரிடம் சேர்ந்ததல்ல. நூறு வருஷத்துக்கும் மேலாக அமெரிக்க வயல்களில் அது இருக்கிறது. 1993இல் மினசோட்டாவிலும் டகோட்டாக்களிலும் ஈரமான கோடையில் பெருகி, 100 கோடி டாலர் அளவுக்கு நாசம் செய்தது. அதற்குப் பிறகுதான் அரசும் பல்கலைக்கழகங்களும் விவசாயிகளும் சேர்ந்து இந்த நோய்க்கென்றே ஒரு தேசிய ஆராய்ச்சி முயற்சியைத் தொடங்கினார்கள். இன்னொன்றும் உண்டு. 2007இல் இந்தப் பூஞ்சையின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டபோது, அதற்கு எடுத்துக்கொண்ட வகை பி.எச்.-1. அது மிச்சிகனில் பிடித்தது. இன்று சீனா உட்பட உலகத்தின் பல ஆய்வகங்கள் அளவுகோலாக வைத்திருப்பது அந்த மிச்சிகன் வகையைத்தான்.

நோயை எதிர்க்கும் குணமோ எதிர்த்திசையில் வந்தது. சீனாவில் யாங்சே ஆற்றுப் பள்ளத்தாக்கில், மழையிலும் புழுக்கத்திலும் இந்த நோயோடு மல்லுக்கட்டியே வளர்த்தெடுத்த கோதுமை ரகம் சுமாய்-3. அதன் எதிர்ப்பு மரபணுவைத் தங்கள் கோதுமையில் சேர்த்துத்தான் வட டகோட்டாக்காரர்கள் 2000ஆம் ஆண்டு ஆல்சன் என்ற ரகத்தை விட்டார்கள். அதற்குப் பின் வந்த எத்தனையோ ரகங்களில் அந்தச் சீனக் கோதுமையின் இரத்தம் ஓடுகிறது. 2020இல் இன்னொரு எதிர்ப்பு மரபணுவைக் கண்டறிந்து சொன்னதும் சீன விஞ்ஞானிகளே. கிடங்கு வாசலில் தொப்பியைச் சுருட்டிக்கொண்டு நின்றவருடைய கோதுமை பிழைக்க, சீனாவின் ஹாங்சோவிலும் ஷாண்டோங்கிலும் யாரோ ராத்திரி விழித்திருக்கிறார்கள். பண்ணைப் பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்ட அந்த மேடையில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

அதனால் அந்த உறைகள் தீங்கற்றவை என்று ஒரேயடியாகச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் பூஞ்சைக்குள் வகைகள் பல. சீனாவில் கார்பெண்டசிம் மருந்தை வருஷக்கணக்காக அடித்து அடித்து, அதற்கு அசையாத வகைகள் அங்கே பெருகிவிட்டன. நஞ்சின் தன்மையும் வகைக்கு வகை வேறு. வெளியூர் வகை ஒன்று வயலில் தப்பி, உள்ளூர் வகையோடு கலந்தால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டிப் பார்க்கத்தான் அனுமதிச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. எந்த வகை, எங்கிருந்து, எந்த அறையில் வைப்பீர்கள், வேலை முடிந்ததும் எப்படி அழிப்பீர்கள் என்று அந்த விண்ணப்பம் கேட்கும். கேட்கவேண்டிய கேள்விகள்தான். பூச்சியியலும் பயிர்நோயியலும் படித்தவர்களுக்கு அந்தக் கேள்விகளின் நியாயம் மற்ற எவரைவிடவும் நன்றாகத் தெரியும். தெரிந்தும் டிஷ்யூ பேப்பரில் சுற்றியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

2025 நவம்பரில் டெட்ராய்ட் நீதிமன்றத்தில் பூஞ்சை வழக்கில் கைதான அந்தப் பெண் ஆராய்ச்சியாளர் கடத்தலையும் பொய்யையும் ஒப்புக்கொண்டார். கைதான நாளிலிருந்து ஐந்து மாதம் சிறையில் கழித்திருந்தார். அரசுத் தரப்பு இரண்டு ஆண்டு கேட்டது. ஆனால் அவருக்குத் தீய நோக்கம் இருந்ததற்குத் தன்னிடம் சான்று இல்லை என்று அரசு வழக்கறிஞரே சொன்னார். மனித குலத்தின் நன்மைக்குச் செய்தார் என்பதற்கும் சான்று இல்லை என்றார். இந்தியானா பல்கலைக்கழகத்தின் பயிர்நோய் நிபுணர் ஒருவர் சான்றுகளைப் படித்துவிட்டு, விவசாயிகளுக்கு இதனால் ஆபத்து எதுவும் இருக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தார். மிக விசித்திரமான வழக்கு என்றார் நீதிபதி. கழித்த ஐந்து மாதமே தண்டனை, உடனே நாடு கடத்தல் என்று தீர்ப்பானது. தேசத்துக்கே மிகக் கடுமையான கவலை என்று தொடங்கியது இப்படி முடிந்தது. தீர்ப்புச் செய்தி ஜூன் மாதச் செய்தியின் நீளத்தில் கால் பங்குகூட வரவில்லை. நான் இரண்டையும் எடுத்து வைத்துப் பார்த்தேன்.

அதே ஜூன் மாதம், அதே விமான நிலையத்தில் வூஹானிலிருந்து வந்த ஒரு முனைவர் பட்ட மாணவியும் பிடிபட்டார். உருளைப்புழு ஆராய்ச்சி சம்பந்தப்பட்ட பொருள்களை உள்ளடக்கத்தை மறைத்து ஆய்வகத்துக்கு முன்னதாகவே அஞ்சலில் அனுப்பியிருந்தார். கேட்டபோது பொய் சொன்னார். மூன்று மாதம் சிறை, பிறகு நாடு கடத்தல். 2019 டிசம்பரில் பாஸ்டன் விமான நிலையத்தில் ஒரு சீன மருத்துவ மாணவரின் காலுறைக்குள் 21 குப்பிகள் கிடைத்தன. புற்றுநோய் ஆய்வகத்திலிருந்து எடுத்தவை. ஊருக்குக் கொண்டுபோய்த் தன் பெயரில் ஆராய்ச்சியாகப் போட நினைத்தாராம். அவருக்கும் பொய் சொன்ன குற்றத்துக்குத்தான் தண்டனை. இவற்றில் ஒன்றிலும் ஆயுதம் கிடைக்கவில்லை. அவசரம் கிடைத்தது, பேராசை கிடைத்தது, விதியை மதிக்காத தைரியம் கிடைத்தது. இவற்றைச் சிறியவை என்று நான் தள்ளவில்லை.

சீனர்கள் மட்டும் செய்தார்கள் என்று எண்ணவும் வேண்டாம். டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பிளேக் நோயை ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர், தான்சானிய நோயாளிகளின் மாதிரிகளைத் தன் பயணப் பெட்டியிலேயே கொண்டுவந்தவர். 2003 ஜனவரியில் 30 பிளேக் குப்பிகளைக் காணவில்லை என்று அவர் சொல்லப்போய், எஃப்.பி.ஐ. படையே லப்பக் நகரில் இறங்கியது. கடத்தல் குற்றச்சாட்டில் ஜூரி அவரை விடுவித்தது. சரியான அனுமதியின்றித் தான்சானியாவுக்குக் குப்பி அனுப்பியதற்கும், பணக் கணக்கு விவகாரங்களுக்கும் சேர்த்து இரண்டு ஆண்டு சிறை கிடைத்தது. அவ்வளவு பதற்றத்துக்கும் காரணம் 2001இல் ஆந்த்ராக்ஸ் கிருமிப் பொடியோடு அஞ்சலில் வந்த கடிதங்கள். ஐந்து பேர் செத்தார்கள், 17 பேர் நோயில் விழுந்தார்கள். அந்தப் பொடி எந்த எல்லையையும் தாண்டி வரவில்லை. அமெரிக்க ராணுவத்தின் சொந்த ஆய்வகத்தில், முழு அனுமதியோடு வேலை செய்த விஞ்ஞானிதான் அனுப்பினார் என்று பல ஆண்டு விசாரணைக்குப் பிறகு எஃப்.பி.ஐ. முடிவுக்கு வந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறுவதற்கு முன்பே அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அந்த எஃகு மேசை பார்ப்பது பையை மட்டும். பைக்குள் என்ன, அது எவ்வளவு கெடுதி செய்யும் என்பதை அறிந்து சொல்ல ஆய்வகமும் நிபுணரும் வேண்டும். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே அரசியல் மேடை பேசி முடித்துவிடுகிறது. அதைத்தான் நான் குறையாகச் சொல்கிறேன். பொய் சொன்னவரைப் பொய்க்காகத் தண்டியுங்கள், கடுமையாகவே தண்டியுங்கள். அவர் கொண்டுவந்த பூஞ்சையைப் பற்றி விவசாயியிடம் மிகையாகச் சொல்லாதீர்கள். அடுத்த முறை நிஜமாகவே பெரிய ஆபத்து ஒன்று வரும்போது அவர் உங்களை நம்பவேண்டும். டிஷ்யூ பேப்பரைத் தானே பொறுக்கிக்கொண்டு போன அந்த மாணவி தன் நாட்டுக்குத் திரும்பி, இந்த ஊர் வேண்டாம் என்று தன் தம்பி தங்கைகளிடம் சொல்லிவிட்டால், அடுத்த சுமாய்-3 இங்கே வந்து சேராமலே போகலாம். அது இந்த நாட்டுக்கு நஷ்டம்.

இது நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும் சங்கதி. அமெரிக்காவில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே அதிகம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் மற்ற இடங்களிலும் படித்துவிட்டு, பயிர்நோய் ஆய்வகங்களுக்குப் போகிற பிள்ளைகள் நிறைய. அங்கே இருக்கும் பேராசிரியர் அவசரப்படுத்துவார். நம் ஊரில் வளர்த்த வகை கையில் இருக்கும். விண்ணப்பம் போட்டால் மாதக்கணக்கில் ஆகும். ஒரு வடிகட்டித் தாள்தானே, யாருக்குத் தெரியப் போகிறது என்று நண்பன் சொல்வான். கேட்காதீர்கள். பயிர்நோய் நுண்ணுயிர் எதுவாக இருந்தாலும் அமெரிக்க வேளாண் துறையின் பி.பி.க்யூ. 526 அனுமதி வேண்டும். வாங்குகிற ஆய்வகத்தின் பெயரில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், பல்கலைக்கழகத்தின் உயிரிப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், சீட்டு கைக்கு வரும்வரை காத்திருங்கள். இந்தியாவிலிருந்து உயிரி வளத்தை வெளியே கொண்டுபோக நம் நாட்டுச் சட்டமும் அனுமதி கேட்கிறது, அதையும் வாங்குங்கள். அனுமதி வரவில்லையென்றால் வெறுங்கையோடு விமானம் ஏறுங்கள். மேசையில் கேட்டால், இருப்பதை இருக்கிறது என்று சொல்லுங்கள்.